கொடைக்கானலில் ஒரு குட்டி கைடு!

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெட்டியில் என்னென்ன எடுத்து வைப்பார்கள்? ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய், வாந்தி மாத்திரை, தைலம். எங்கள் பெட்டியில் இதற்கெல்லாம் மேலே, இஸ்திரி கலையாமல், இரண்டு நாலு கோடு நோட்டுகள் இருந்தன.

நோட்டு எனக்கில்லை ஸார். என் பெண்ணுக்கு. வயசு நாலு, படிப்பது எல்.கே.ஜி. வீட்டில் அவள் பெயர் வாண்டு. காரணப் பெயர்.

காலாண்டு லீவு விடுவதற்கு முதல் நாள் டைரியில் சிவப்பு மையில் 'பெற்றோர் வரவும்' என்று எழுதி வந்தது. போனேன். எல்.கே.ஜி. நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தேன். மிஸ் நல்ல மாதிரி. குரல் உயர்த்தாமல்தான் சொன்னார்.

"பென்சிலை முஷ்டியில பிடிக்கறா ஸார். கோட்டுக்குள்ள எழுத மாட்டேங்கறா. அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறா. லீவுல தினம் நாலு பக்கம் எழுத வைங்க. இல்லேன்னா யூ.கே.ஜி. கொஞ்சம் கஷ்டம்."

நான் பி.காம். தினம் நாலு பக்கம், லீவு பத்து நாள், ஆக நாற்பது பக்கம் என்று பாக்கியை அங்கேயே போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து வசூலிலும் இறங்கினேன். முதல் நாள் அரைப் பக்கம். அதற்குள் மூன்று தடவை தண்ணீர், இரண்டு தடவை பாத்ரூம், ஒரு தடவை பல்லிக்கு டாட்டா. எனக்குப் பொறுமை போயிற்று. கையிலிருந்த ஸ்கேலால் புறங்கையில் ஒன்று வைத்தேன். லேசாகத்தான். ஆனால் அன்றிலிருந்து நோட்டை எடுத்தாலே அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறாள். வேடிக்கை காட்டினாலும் எடுப்பதில்லை.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை.

என் மனைவிதான் சொன்னாள். "மூணு நாள் கொடைக்கானல் போயிட்டு வரலாங்க. குளிர்ல ரெண்டு பேருக்கும் கொஞ்சம் சூடு இறங்கட்டும்." நான் தலையாட்டினேன். அடுத்த வினாடியே, "நோட்டை மறக்காம எடுத்து வைங்க" என்றாள். தாய்க்குலம்!

ராத்திரி ரயில். விடியற்காலையில் கொடை ரோடு. அங்கிருந்து வத்தலக்குண்டு, பஸ், கொண்டை ஊசி வளைவுகள், எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர்... அந்த விவரமெல்லாம் வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள் இருப்பீர்கள்.

ஏழாயிரம் அடி உயரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு டாக்ஸி டிரைவர் பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு பாயின்ட் ஸார். சாயந்தரம் ஆறுக்குள்ள முடிச்சிடலாம்." முடித்துவிடலாம் என்ற வார்த்தை எனக்குப் பிடித்தது. ஆயிரத்தெண்ணூறு ரூபாய் பேசி ஏறினோம்.

கோக்கர்ஸ் வாக். தூக்கு, காட்டு, போட்டோ, இறக்கு. பைன் காடு. தூக்கு, காட்டு, போட்டோ, இறக்கு. தூண் பாறையில் தூணும் இல்லை, பாறையும் இல்லை. பனிமூட்டம் மட்டும் இருந்தது. அதையும் தூக்கிக் காட்டினேன். குணா குகையில் 1991-ல் கமல் படம் வந்த பிறகு பெயர் மாறியது. 2024-ல் மலையாளப் பையன்கள் படம் வந்த பிறகு கூட்டம் மாறியது. வாண்டுக்கு முன்னால் நின்றவர்களின் ஸ்வெட்டர் மட்டும்தான் தெரிந்திருக்கும். நடக்க விட்டால் நேரமாகும் என்பதால், காரிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து கார் என்றே நாள் பூராவும் ஓடியது.

ராத்திரி லாட்ஜில் பெருமையாகக் கேட்டேன். "இன்னிக்கு என்னென்னடா பாத்தே?"

யோசித்தாள். "டிரைவர் மாமா கார்ல ஒரு பொம்மை இப்பிடி இப்பிடித் தலையாட்டுதுப்பா."

ஆயிரத்தெண்ணூறு ரூபாய்க்குத் தலையாட்டி பொம்மை! தஞ்சாவூரிலேயே வாங்கியிருக்கலாம்.

* * *

தூக்கம் வராமல் புரண்டபோது, முன்பு படித்த ஒரு பூனைக் கதை ஞாபகம் வந்தது. கதை என்கிறேனே தவிர, நிஜமாகவே நடந்த ஆராய்ச்சி. 1963-ல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டது.

இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாக எடுத்து ஒரு சின்ன ராட்டினத்தில் மாட்டினார்கள். ஒரு பக்கத்துக் குட்டி தன் காலால் நடக்கும். அது நடந்தால் ராட்டினம் சுற்றும். எதிர்ப்பக்கத்துக் குட்டி ஒரு தொட்டியில் உட்கார்ந்து ஓசி சவாரி. சுற்றிலும் கோடு போட்ட சுவர். இரண்டு குட்டிகளும் பார்ப்பது ஒரே காட்சி. தினமும் மூன்று மணி நேரம் இப்படி. கொஞ்ச நாள் கழித்துச் சோதித்தார்கள். நடந்த குட்டியை மேஜையை நோக்கி இறக்கினால், தொடுவதற்கு முன்பே முன்னங்காலை நீட்டியது. பள்ளம் போலத் தெரிகிற பக்கம் போகாமல் ஒதுங்கியது. சவாரி செய்த குட்டிக்கு இதெதுவும் வரவில்லை. கண்ணில் கோளாறு கிடையாது. பார்த்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. பார்த்ததோடு அதன் கால் சேர்ந்து வேலை செய்யவே இல்லையே!

பூனைக்குச் சொன்னது புத்திரிக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். மனிதக் குழந்தைகளையும் பின்னால் பார்த்திருக்கிறார்கள். தவழ ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆன பிறகுதான் உயரத்தைக் கண்டு உஷாராகிற புத்தி வருகிறதாம். மேலே போய் விழாதே என்று நாம் தொண்டை கிழியச் சொல்வதை, முழங்கால்தான் மூளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

அன்றைக்குப் பூராவும் நான் என் பெண்ணைத் தொட்டியில் உட்கார வைத்துச் சுற்றியிருக்கிறேன். பன்னிரண்டு பாயின்ட்.

நல்லவேளை, கதையின் கடைசி வரியும் ஞாபகம் வந்தது. தொட்டிப் பூனையை வெளிச்சத்தில் இஷ்டத்துக்கு நடமாட விட்டார்கள். இரண்டே நாளில் தேறிவிட்டது. எங்களுக்கும் மிச்சம் இரண்டு நாள் இருந்தது.

* * *

மறுநாள் காலை எட்டு மணி. டாக்ஸி வேண்டாம் என்றேன். "ஏரியை ஒரு சுத்து சுத்துவோம். அவ்வளவுதான் புரோகிராம். ஒரு கண்டிஷன். அவ முன்னாடி போவா. நாம பின்னாடி."

"அவ வேகத்துக்கா? பொங்கலுக்குள்ள திரும்பிடுவோமா?" என்றாள் மனைவி.

கொடைக்கானல் ஏரி, மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863-ல் உண்டாக்கியது. மேலேயிருந்து பார்த்தால் நட்சத்திரம் மாதிரி இருக்கும் என்பார்கள். சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர் சுமாருக்கு. நான் வேகமாக நடந்தால் ஒரு மணி நேரம்.

வாண்டு இருபதாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தரையில் தைல மரத்துக் காய்கள் சிதறிக் கிடந்தன. மேல்சட்டைப் பித்தான் சைஸில், மேலே நட்சத்திர வெட்டு போட்ட கெட்டிக் காய். ஒன்றை எடுத்தாள். மோந்து பார்த்தாள். இன்னொன்று. என் குரங்குக் குல்லாய் பாத்திரமாயிற்று. பத்துப் பதினைந்து சேர்ந்ததும் நடைபாதையில் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தாள். பெரிசெல்லாம் அப்பா. அடுத்தது அம்மா. பொடிசெல்லாம் பாப்பா. ஒரு காய் மட்டும் இடக்குப் பண்ணியது. அப்பாவுக்குச் சின்னது, அம்மாவுக்குப் பெரிசு. இங்கே வைத்தாள், எடுத்தாள், அங்கே வைத்தாள், எடுத்தாள். பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தாள். நெற்றியில் ஒரு சின்ன சுருக்கம்.

"இது அத்தை" என்றாள் கடைசியில்.

என் தங்கையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் புரியும்.

அஞ்சு நிமிஷம் ஒரு இடத்தில் உட்காராத பெண் என்று பெயர் வாங்கியவள் ஸார். வாட்சைப் பார்த்தேன். பதினெட்டு நிமிஷம்.

அவள் செய்ததை அப்படியே ஆபீஸ் பாஷையில் சொன்னால், சரக்கைத் தரம் பிரித்து, தலைப்புப் போட்டு, எதிலும் சேராத ஐட்டத்துக்குத் தனிக் கணக்கு திறந்தாள். நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் காலேஜுக்கு ஃபீஸ் கட்டினேன். எது பெரிசு, எது சிறிசு, எது எதற்கு அடுத்தது என்பதுதான் பிற்பாடு எண்ணாகி, கூட்டலாகி, கழித்தலாகி வரப்போகிறது. ஆனால் கையில் எடுத்து, உருட்டி, கனம் பார்க்காமல் அவளுக்கு அது வருவதில்லை. அச்சடித்த புத்தகத்தில் யானை பெரிசு, எலி சிறிசு என்று டிக் அடிப்பாள். இரண்டும் ஒரே அங்குலத்தில்தான் படம் போட்டிருக்கும்!

கொஞ்சம் தள்ளி நடைபாதையின் ஓரக் கல். ஒரு அரையடி அகலம் இருக்கும். அதன் மேல்தான் நடப்பேன் என்றாள். கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டாள். இரண்டு கையையும் ஏரோப்ளேன் மாதிரி விரித்துக்கொண்டு நாலு அடி, தொபுக்கடீர். மறுபடி ஏறி ஆறு அடி, தொபுக்கடீர். மூன்றாவது தடவை, யாரும் சொல்லாமல், வேகத்தைக் குறைத்தாள். ஒரு காலை வைத்து, நின்று, அப்புறம் அடுத்த காலை அதன் நுனிக்கு முன்னால் வைத்தாள். உதடு உள்ளே மடிந்திருந்தது. கணக்குப் பரீட்சையில் நான் வைத்துக்கொள்கிற அதே முகம்.

மண்டைக்குப் பின்பக்கம் அடியில் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 'உடலின் சமநிலையைக் காக்கிறது' என்று ஒரு மார்க்குக்கு எழுதுவோம். எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பு செல்களை எண்ணிப் பார்த்தபோது ஐந்தில் நாலு பங்கு இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தது. சமநிலை மட்டுமில்லாமல் பேச்சு, கவனம், யோசனை என்று எல்லாவற்றிலும் அதற்குக் கை இருக்கிறது என்பது இப்போதைய கண்டுபிடிப்பு. ஓரக் கல்லில் நடப்பது ஒரு டிபார்ட்மென்ட், யோசிப்பது இன்னொரு டிபார்ட்மென்ட் என்று நாம்தான் நடுவில் தடுப்புச் சுவர் கட்டி வைத்திருக்கிறோம். உள்ளே எல்லாரும் ஒரே ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பாப்பாவுக்கு ஒரு ரவுண்டு ஸார், நூத்தம்பதுதான்" என்று குதிரைக்காரர் வந்தார். வாண்டின் கண் விரிந்தது. நான் தொட்டிப் பூனையை நினைத்துத் தயங்கினேன். அதற்குள் அவளே, "வேணாம், நானே குதிரை" என்று சொல்லிவிட்டு டக் டக்கென்று நாக்கால் சப்தம் பண்ணிக்கொண்டு ஓடினாள். குதிரைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

* * *

டீக்கடையில் நின்றபோது மனைவியிடம் என் பொது அறிவைக் காட்டினேன். "மரியா மாண்டிசோரி தெரியுமில்ல? இதே கொடைக்கானல்ல ரெண்டு வருஷம் இருந்திருக்காங்க."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எந்த பிராஞ்ச் ஸார்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தெருவுக்கு இரண்டு போர்டு. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை மாட்டலாம், தடுப்பாரில்லை. போர்டுக்குப் பின்னால் ஒரு பாட்டியம்மா இருந்தார் என்பது மறந்தே போயிற்று.

இத்தாலியில் முதன்முதலில் டாக்டர் பட்டம் வாங்கிய பெண்களில் ஒருவர் அவர். வருஷம் 1896. 1907 ஜனவரி 6-ம் தேதி, ரோம் நகரத்தில் சான் லோரன்ஸோ என்ற ஏழைகள் பேட்டையில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளுக்காக ஒரு 'குழந்தைகள் வீடு' திறந்தார். அங்கே அவர் கண்டுகொண்டதுதான் பின்னால் உலகம் சுற்றியது. குழந்தை கையால் யோசிக்கிறது. கையைக் கட்டினால் யோசனையும் நின்றுபோகிறது.

1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்து, மகன் மரியோவுடன் மதராஸ் வந்தார். வயசு அறுபத்தொன்பது. அடையாறில் கீற்றுக் கொட்டகைகளில் முந்நூறு ஆசிரியர்களுக்கு மேல் வகுப்பு. அம்மா இத்தாலிய மொழியில் பேச, மகன் இங்கிலீஷில் சொல்வார். சில மாதப் பயிற்சி, முடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் வெள்ளைக்காரனுக்கு எதிரி நாட்டுப் பிரஜைகள். மகன் அகமத்நகர் முகாமுக்கு. அம்மா அடையாறு காம்பவுண்டை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாள். அன்று வைஸ்ராய் மகனை விடுதலை செய்து பரிசாகத் தந்தார். 1942-லிருந்து 1944 வரை அம்மாவும் மகனும் இந்த மலையில் இருந்தார்கள். பல வயசுக் குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துச் சின்னதாக ஒரு பள்ளி நடத்தினார்கள். செடி, பூச்சி, கல், மண், எல்லாம் பாடம்.

நம் அடையாறு பதிப்பகத்தில்தான் 1949-ல் அவருடைய முக்கியமான புத்தகம் ஒன்று முதலில் அச்சானது. ரோமாபுரிச் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி மதராஸ் சமாச்சாரம்!

அவர் சொன்னதில் ஒன்று எனக்கென்றே சொன்னது போல இருக்கும். இரண்டு வயசுக் குழந்தைகூட மைல் கணக்கில் நடக்கும். அது போய்ச்சேருவதற்காக நடப்பதில்லை, நடப்பதற்காக நடக்கிறது. நின்றால் நாமும் நிற்க வேண்டும். பெரியவர்கள்தான் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.

ஏழாயிரம் அடி ஏறி வந்து நான் செய்தது அதைத்தான்.

* * *

படகுத்துறை தாண்டி வேகவைத்த கடலை விற்கிற அம்மா ஒருவர். பொட்டலம் வாங்கி, நான் உரித்து உரித்து வாண்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைகிட்ட குடுங்க தம்பி. நீங்க உரிச்சா உங்க விரலுக்குத்தானே பலம்" என்றார் அந்த அம்மா.

கொடுத்தேன். முதல் கடலை நசுங்கிப் பாயசமாயிற்று. இரண்டாவதைப் பல்லால் கடித்தாள். மூன்றாவதில் வழி கண்டுபிடித்தாள். கூர் முனையில் கட்டைவிரலை வைத்து, ஆட்காட்டி விரலாலும் நடுவிரலாலும் முட்டுக் கொடுத்து ஒரு அமுக்கு. டப். திறந்துகொண்டது.

நான் அந்த மூன்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல். பென்சில் பிடிக்க வேண்டிய அதே மூன்று விரல்! மாண்டிசோரி அம்மையாரின் சாமான்களில் மரக்கட்டையில் குழி குழியாக இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் அளவாக ஒரு உருளை, அதன் தலையில் சின்னதாக ஒரு குமிழ். குமிழை இந்த மூன்று விரலால்தான் தூக்க முடியும். எந்தக் குழிக்கு எது என்று மூளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் பென்சிலுக்குத் தயாராகிவிடும். அதற்கப்புறம் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. இரண்டு விரலால் தடவித் தடவி உருவம் கைக்குப் பழகும். பென்சில் கடைசியில்தான்.

எங்கள் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் 'அ' போட்டுப் பழகியவர். உப்புத்தாளுக்கும் ஆற்று மணலுக்கும் ரொம்ப தூரம் இல்லை. பல்லாங்குழி என்ன? பதினாலு குழி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்கூட்டி யோசிக்க வேண்டும். நம் வீட்டுப் பல்லாங்குழி இப்போது ஹாலில் அலங்காரப் பொருள். வாண்டு தொட்டால், "உடைஞ்சிடப் போகுது" என்று அதட்டுகிறோம்.

கையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போன வருஷம் சறுக்குமரத்திலிருந்து விழுந்ததற்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறிவில்லை. ஆனால் படத்தைப் பார்த்துப் பதறிவிட்டேன். மணிக்கட்டில் எட்டு எலும்பு என்று படித்த ஞாபகம். படத்தில் மூன்றுதான்! "மிச்சம் அஞ்சு எங்க டாக்டர்?" என்றேன், ஸ்டாக் குறைந்த குமாஸ்தா மாதிரி.

டாக்டர் சிரித்தார். "எங்கயும் போகல. இப்ப குருத்தெலும்பா இருக்கு, படத்துல தெரியாது. ஒண்ணு ஒண்ணாத்தான் கெட்டிப்படும். கடைசி எலும்பு தெரிய ஒன்பது, பத்து வயசு ஆகும். சில பேருக்குப் பன்னெண்டுகூட."

எலும்பு வந்தால்தான் எழுத்து வரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அது இன்னும் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிற கை. அந்தக் கையைத்தான் நான் ஸ்கேலால் அடித்தேன். கடலைக்கார அம்மா முன்னால் நின்றபோது மூக்கில் என்னவோ ஏறியது. குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் முக்கால்வாசி தூரத்தை அவள் காலால் நடந்தாள். அப்புறம் என் தோளில் தூங்கிவிட்டாள். லாட்ஜுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. குல்லாயில் காய்கள் எழுபத்து மூன்று. எண்ணியது நான்தான். அவளுக்கு இருபதுக்கு மேல் எல்லாமே 'நெறைய'.

* * *

"அதெல்லாம் சரிங்க" என்றாள் மனைவி மத்தியானம். "நாம மட்டும் உக்காந்து எழுதித்தானே படிச்சோம்? கெட்டா போயிட்டோம்?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள். "ஆனா நமக்குத் தெரு இருந்தது. பாண்டி ஆடினோம், சுவர் ஏறினோம், கொடுக்காப்புளி பறிச்சோம். எழுதறதுக்கு முன்னாடியே கை முத்திப்போச்சு. இவளுக்கு என்ன இருக்கு? லிஃப்ட் இருக்கு. வேன் இருக்கு. உங்க செல்போன் இருக்கு."

புருஷன் இரண்டு நாளாக யோசித்ததை இரண்டு வரியில் சொல்லிவிடுவது பெண்டாட்டிகளுக்கே உள்ள கெட்ட பழக்கம்.

"சரி, திங்கக்கிழமை மிஸ்கிட்ட யார் பேசறது?" என்றாள் அடுத்து. மிஸ்ஸை நான் வில்லியாக்கத் தயாரில்லை. ஒரு வகுப்பில் முப்பத்தெட்டு வாண்டுகள். எல்லாரையும் ஏரியைச் சுற்ற விட்டால் யாராவது ஏரிக்குள் போய்விடுவார்கள். மூன்று வயசிலிருந்து எட்டு வயசு வரைக்கும் விளையாட்டு மூலமாகத்தான் கற்க வேண்டும் என்று 2022-ல் தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் வருஷக் கடைசியில், "நோட்டுல ஒண்ணுமே இல்லையே?" என்று முதலில் கேட்பது யார்? என்னை மாதிரி அப்பாதான். ஃபீஸ் கட்டினதுக்கு ரசீது கேட்கிற புத்தி!

ராத்திரி மழை. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. வாண்டு கட்டில் மேல் ஏறி நின்றாள். முதலில் உள்ளங்கையை வைத்தாள். அப்புறம் ஒரு விரலால் கோடு, வளைவு, சுழி. நான் மூச்சு விடவில்லை. தோளிலிருந்து கை முழுசும் வீசி, கண்ணாடி பூராவும் அடைத்துக்கொண்டு, ஒரு 'அ'. சுழி இடம் மாறி, கால் நீண்டு, பாம்பு மாதிரி. ஆனால் 'அ'தான். பக்கத்தில் ஒரு வட்டம்.

"அது என்னடா?"

"அத்தை."

எந்தக் கையால் எழுதினாள் தெரியுமா? வலது கையால்.

பெட்டியில் நோட்டு இருந்தது. எடுத்து நீட்டலாமா என்று ஒரு நிமிஷம் கை அரித்தது. மனைவி முறைத்தாள். விட்டுவிட்டேன்.

* * *

லீவு முடிந்து திங்கட்கிழமை, அதே குட்டி நாற்காலி. நோட்டில் நாற்பது பக்கத்துக்கு அரைப் பக்கம். மிஸ் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நான் பூனையில் ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன். பாதியில் வாண்டு தன் பையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். எழுபத்து மூன்று காய். அறை முழுக்கத் தைல வாசனை.

மிஸ் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "இது பெரிசா, அது பெரிசா?" என்று இரண்டைக் காட்டிக் கேட்டார். வாண்டு இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்துவிட்டு, "இது அப்பா, இது அத்தை" என்றாள். மிஸ் சிரித்துவிட்டார்.

"இதைக் கிளாஸ்ல வெச்சுக்கட்டுமா ஸார்? ஆளுக்கு ரெண்டு குடுத்துப் பிரிக்கச் சொல்றேன்." அப்புறம், நோட்டை என் பக்கம் தள்ளி, "ஆனா பரீட்சைன்னு வந்தா இதையும்தான் கேப்பாங்க. எனக்கு மேலேயும் ஆள் இருக்கு" என்றார்.

பேரம் பேசினோம். தினம் நாலு பக்கம் என்பது நாலு வரியாயிற்று. அதுவும் எழுதுவதற்கு முன் கால் மணி நேரம் பட்டாணி உரித்துவிட்டு. ஜனவரி வரைக்கும் பார்க்கலாம் என்றார் மிஸ்.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் பட்டாணிக் குருமா.